முப்பத்தேழாவது படம்

விடியல் சார் என்று அவருக்குப் பெயர் வைத்தது ஊர்ப் புகைப்படச் சங்கம். சூரியன் எழுகிற காட்சியை அவரைப்போல எடுக்க ஆள் இல்லை என்பது காரணம். அவராக ஒரு நாளும் விடிவதற்கு முன்னால் எழுந்ததில்லை என்பது சங்கத்துக்குத் தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் மூன்று வருஷத்துக்கு முன்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

இப்போது அவருடைய நிலக்காட்சிப் படங்களைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் கிளம்பியிருந்தார். பதிப்பாளரின் அறையில் புத்தகங்களைவிட அவருடைய சொந்தப் புகைப்படங்கள் அதிகம். மேஜைமேல் முப்பத்தாறு படங்களைச் சீட்டு மாதிரி பரப்பி வைத்துக்கொண்டு, தாடியைத் தடவினார்.

“படம் யார் வேணா எடுக்கலாம் சார். இப்பல்லாம் போன்லயே எடுத்துடறாங்க. வாசகனுக்கு வேண்டியது படத்துக்குப் பின்னால இருக்கிற கதை. எப்படித் திட்டம் போட்டீங்க, எத்தனை நாள் காத்திருந்தீங்க, அந்த மலை உங்ககிட்ட என்ன சொல்லுச்சு. ஒரு படத்துக்கு ஒரு பக்கம்.”

“மலை சொன்னது ஒரு பக்கத்துல அடங்குமான்னுதான் யோசிக்கிறேன்” என்றார் விடியல் சார். அவர் வாய் சும்மா இருக்காது.

பதிப்பாளர் கண்ணை மூடி அந்த வாக்கியத்தை அனுபவித்தார். “இதையே எழுதுங்க சார். தலைப்பு நான் வச்சுட்டேன். ‘ஒளிக்கு ஒரு தவம்’.”

விடியல் சார் தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தார். வெள்ளைத்தாளை எடுத்து, “அதிகாலை மூன்றரை மணி. எலும்பைத் துளைக்கும் குளிர்” என்று எழுதினார். அதோடு பேனா நின்றது. மேற்கொண்டு எழுத அவருக்கு விஷயம் தெரியவில்லை. அதிகாலை மூன்றரை மணிக்கு அவர் காரின் பின்சீட்டில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வேலை நடந்த விதம் அப்படி. மனைவி நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள். எந்தச் சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, எந்த மேடு எந்தப் பள்ளத்தை மறைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு உள்ளங்கை ரேகை. இவர் ஒரு மலைமேல் ஆசைப்பட்டால், அவள் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்துப் பாகைமானியை வைத்து, எந்த மாதம் எந்த வாரம் சூரியன் எந்த இடுக்கில் எழும் என்று கணக்குப் போடுவாள். இவர் அலுவலகத்தில் லீவு சொல்வார். முதல் நாள் மாலையே அவள் திசைகாட்டியோடு பாறை பாறையாக ஏறி இறங்கி, கேமரா முக்காலி நிற்கவேண்டிய இடத்தில் சாக்பீஸால் மூன்று புள்ளி வைப்பாள். மறுநாள் விடிவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது கார்க் கண்ணாடியைத் தட்டுவாள். இவர் இறங்கி வந்து, மூன்று புள்ளியில் மூன்று காலை ஊன்றி, பொத்தானை அழுத்துவார்.

அழுத்துவதும் லேசுப்பட்ட காரியம் இல்லை; அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு நிமிட ஒளியில் எது அந்த நொடி என்று அவர் கண்ணுக்குத் தெரிந்த மாதிரி வேறு யார் கண்ணுக்கும் தெரிந்ததில்லை. “எனக்கு இடம்தான் தெரியும், நேரம் அவருக்குத்தான் தெரியும்” என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஆகவே கலைஞர் என்பதில் பொய் இல்லை. பொய் வேறு இடத்தில் இருந்தது.

அது விருது விழா மேடையில் இருந்தது. கடலோரச் செங்குத்துப் பாறையின் படத்துக்கு விருது. மாலையும் கழுத்துமாக மைக்கைப் பிடித்த விடியல் சார், “அந்தப் பாறையின் விளிம்பில் நான்கு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். நானும் கடலும் மட்டும்” என்றார். அரங்கம் உருகிப்போயிற்று. அந்த நான்கு மணி நேரமும் விளிம்பில் உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவளும் கை தட்டினாள். வீட்டுக்கு வந்து, கட்டியிருந்த புடவையைக்கூட மாற்றாமல் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

“என்ன இது?”

“தனியா இருந்தேன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டீங்க. உங்க வாக்கு பொய்யாகக் கூடாது, பாருங்க.”

ஒரு வாரத்தில் திரும்பிவிடுவாள் என்று நினைத்தார். சங்கத்தில் கேட்டவர்களிடம், “தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா” என்றார். மூன்று வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. கேமராதான் என் பிள்ளை என்று மேடைகளில் சொல்லுவார். அந்தப் பிள்ளையை முதுகில் சுமந்து மலை ஏறியது யார் என்று சொல்லமாட்டார். அவளைக் கூப்பிடலாம் என்று தினம் தோன்றும். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தோன்றாது. மன்னிப்புக் கேட்பதற்கு அவரிடம் வார்த்தை இருந்தது, வாய்தான் இல்லை.

இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. “புத்தகம் விஷயமா” என்று கண்ணாடி முன்னால் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு எண்ணை அழுத்தினார்.

மச்சினி எடுத்தாள். “யாரு? மாமாவா! நம்பர் ஞாபகம் வர மூணு வருஷமா? இருங்க, அக்கா தூங்குறா.”

“இப்பவா? சாயங்காலம் நாலாச்சே.”

“முப்பது வருஷத் தூக்கம் பாக்கி இருக்கு மாமா, அவளுக்கு நேரங்காலம் ஏது. எழுப்பட்டா?”

“வேண்டாம் வேண்டாம்.”

“எழுப்பிட்டேன்.”

பாத்திரம் உருள்கிற சத்தம். பிறகு அவள் குரல், தூக்கக் கலக்கத்தோடு. “சொல்லுங்க.”

“புத்தகம் விஷயமா” என்றார். ஒத்திகை பார்த்தது நல்லதாகப் போயிற்று. “முப்பத்தாறு படம். ஒவ்வொண்ணுக்கும் எப்படிப் போனோம், என்ன திட்டம்னு எழுதணும். நீ ஒரு நோட்டுல குறிச்சு வைப்பியே...”

“அதைப் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டேன்.”

“போட்டுட்டியா! எல்லாத்தையுமா?”

“பெட்டி கனமா இருந்துச்சு.” ஒரு கொட்டாவி விட்டாள். “எந்தப் படம்?”

“முதல் படம். ஆத்து வளைவு.”

“அதா? மாடு மேய்க்கிறவர் ஒருத்தர் வழி காட்டினாரே. மூணு தடவை போனோம். ரெண்டு தடவை பனி மூடிக்கிச்சு. மூணாவது தடவை நீங்க தண்ணில இறங்கி ஒரு செருப்பை ஆத்தோட விட்டீங்க.”

“நான் எங்க விட்டேன்?”

“அப்புறம் யாரு, ஆறா கேட்டு வாங்கிக்கிச்சு? ஒரு கால்ல உங்க செருப்பு, இன்னொரு கால்ல என் செருப்பு. அப்படி நின்னுதான் அந்தப் படம் எடுத்தீங்க. நான் ஒத்தைச் செருப்போட நின்னு சிரிச்சுகிட்டிருந்தேன், கேமரா ஆடுதுன்னு திட்டினீங்க.”

அதை அவர் இப்படி எழுதினார்: “நதி என்னை அழைத்தது. காலணிகளைக் களைந்து அதன் மடியில் இறங்கினேன்.”

அடுத்த நாள் நாலு மணிக்கு இரண்டாவது படம். அதற்கடுத்த நாள் மூன்றாவது. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிடுவார். அவள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்வார். சங்கடம் என்னவென்றால் அவள் சொன்ன எதுவும் ஒளிக்கும் தவத்துக்கும் பக்கத்தில்கூட வரவில்லை. பஞ்சர் ஆனது, பாலத்தடியில் படுத்திருந்த நாய் தெர்மாஸ் மூடியைக் கவ்விக்கொண்டு ஓடியது, காட்டிலாகாக் காவலாளி இவர்களை வீட்டை விட்டு ஓடி வந்த ஜோடி என்று நினைத்து விசாரித்தது.

“நமக்கு அப்ப நாப்பத்தஞ்சு வயசு இருக்கும்ல?”

“உங்களுக்கு நாப்பத்தெட்டு. அந்த ஆள் உங்க தலையைப் பார்த்துட்டு, ‘இந்த வயசுல எதுக்கும்மா இந்த ஆளோட’ன்னு என்னைத்தான் கேட்டாரு.”

காவலாளி புத்தகத்தில் ஒரு முனிவர் ஆனார். “காட்டில் ஒரு முனிவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது.” கேள்வி இருந்தது உண்மைதான்.

இப்படியே நாள் ஓடியது. அவர் வீட்டில் நாலு அறை. நாலிலும் சட்டம் போட்ட படங்கள் சுவரோடு சாய்ந்து நின்றன. மலை, ஏரி, மணல், பனி. ஒரு படத்திலும் மனித வாடை இல்லை; அதுதான் அவருடைய பாணி என்று விமர்சகர்கள் எழுதியிருந்தார்கள். படங்களின் நடுவே நடந்து சமையலறைக்குப் போய், ஒரு ஆளுக்குச் சோறு வடித்து, நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்ப்பார். பகல் இரண்டிலிருந்து நாலு வரைக்குமான நேரம் நகராது. மூன்றரைக்குச் சட்டையை மாற்றிக்கொள்வார். போனில் சட்டை தெரியாது என்பது அவருக்கும் தெரியும்.

பத்தொன்பதாவது படம் ஏரி. காற்றே இல்லாத விடியலில் எடுத்தது. மலை மேலே ஒன்று, நீரில் ஒன்று. விற்ற படங்களில் அதிகம் விற்றது அதுதான். ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பறையில்கூட மாட்டியிருக்கிறார்கள். சொற்பொழிவுகளில் இந்தப் படம் வந்தால், “இந்த நீரின் அமைதியை நான்தான் காத்திருந்து பறித்தேன்” என்பார்.

அன்றைக்கு அவள் பஞ்சர், நாய் என்று ஆரம்பிக்கவில்லை.

“அங்க அஞ்சரைக்கு எனக்கு ஒரு போன் வந்துச்சு. ஞாபகம் இருக்காது, நீங்க தூங்கிட்டிருந்தீங்க.”

“யாரு?”

“தங்கச்சி. அப்பா போயிட்டார்னு.”

விடியல் சார் பேனாவை வைத்துவிட்டார். மாமனார் இறந்த நாள் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஏரியிலிருந்து நேராகச் சாவு வீட்டுக்குப் போனதும் ஞாபகம் இருந்தது. “படம் எடுத்து முடிச்சப்புறம்தானே நீ சொன்ன? அப்பத்தான் போன் வந்துச்சுன்னு...”

“ஆறு பத்துக்கு எடுத்தீங்க. ஆறேகாலுக்குச் சொன்னேன். நீர் அப்படி ஆடாம இருக்கிறது வருஷத்துல ரெண்டு நாளோ மூணு நாளோ. முன்னாடியே சொல்லியிருந்தா கிளம்பியிருப்போம்.”

“நாப்பது நிமிஷம் என்ன பண்ணின?”

“புள்ளி வச்ச இடம் சரியான்னு மறுபடியும் பார்த்தேன்.”

அந்தப் பக்கத்தில் அவரால் ஒன்றும் எழுத முடியவில்லை. மறுநாள் பழக்கதோஷத்தில், “சில மௌனங்களுக்கு விளக்கம் இல்லை” என்று ஒரு வரி எழுதிப் பதிப்பாளருக்கு அனுப்பினார். பதிப்பாளர் போன் செய்து, புத்தகத்திலேயே இதுதான் சிகரம் என்றார். விடியல் சாருக்கு முதல் முறையாகப் பாராட்டு வாயில் கசந்தது.

அதற்குப் பிறகு அவர் வேகத்தைக் குறைத்தார். ஒரு படத்துக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். “நேத்து சொன்னதுல அந்தப் பாலம் இடப்பக்கமா வலப்பக்கமா?” என்று ஒரு நாள். “அந்த லாட்ஜ்காரர் பேர் என்ன?” என்று ஒரு நாள். அப்படியும் முப்பது தாண்டியது. முப்பத்திரண்டு. முப்பத்தைந்து. தீர்ந்துகொண்டே வருகிற மாத்திரை அட்டையைப் பார்க்கிற மாதிரி மீதிப் படங்களைப் பார்த்தார். முப்பத்தாறாவது படத்துக்கு மூன்று நாள் கேள்வி கேட்டார். மூன்றாம் நாள் அவள், “அவ்வளவுதானே? முடிஞ்சுது. புத்தகம் வந்ததும் ஒண்ணு அனுப்புங்க” என்றாள்.

மறுநாள் நாலு மணி வந்தது. அதற்கு வேலை ஒன்றும் இல்லை, வந்துவிட்டுப் போயிற்று. அதற்கடுத்த நாளும் வந்தது. மூன்றாம் நாள் விடியல் சார் வாழ்க்கையிலேயே முதல் முறையாகத் தானே ஒரு படத்துக்குத் திட்டம் போட்டார்.

ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு குன்று இருந்தது. உச்சியில் இரட்டைப் பாறை. நடுவில் ஒரு பிளவு. எப்போதோ ஒரு முறை இரண்டு பேரும் அங்கே போயிருந்தார்கள். அங்கே ஒரு படம் எடுத்து, பழைய படம் என்று அனுப்பினால், கதை கேட்க இரண்டு நாளாவது கிடைக்கும். அலாரம் வைத்து எழுந்தார். ஒரு அலாரம் போதாதென்று மூன்று வைத்தார். முக்காலியையும் பையையும் அவரே சுமந்தார். பாதி வழியில் இரண்டு முறை உட்கார்ந்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது, முக்காலியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாறையில் புள்ளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார் என்றால் அவர் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். குத்துமதிப்பாக ஒரு இடத்தில் நட்டு, பிளவையே குறிவைத்துக் காத்திருந்தார். சூரியன் பிளவைச் சட்டை செய்யாமல் இடப்பக்கம் எங்கிருந்தோ எழுந்தது. அவசர அவசரமாக முக்காலியைத் திருப்பி அழுத்தினார். ஆனாலும் கை பழகின கை, படம் மோசமில்லை.

அன்று நாலு மணிக்கு அனுப்பினார். “பதிப்பாளர் இன்னொண்ணு கேக்குறார். முப்பத்தேழாவது. டிசம்பர்ல போனோமே, இரட்டைப் பாறை. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. இருங்க, கண்ணாடி போட்டுக்கிறேன்.”

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். இத்தனை நாள் பேச்சில் அவள் இப்படிச் சிரித்ததில்லை; பக்கத்தில் மச்சினி, “என்னக்கா, என்னக்கா” என்று கேட்பது காதில் விழுந்தது.

“ஏங்க, டிசம்பர்ல சூரியன் அந்தப் பாறைக்கு வலப்பக்கம்ல வரும்? இதுல இடக்கோடியில வந்திருக்கு. இது ஜூன்.”

“அப்படின்னா ஜூன்ல போயிருப்போம்.”

“இது எந்த மாசம்?”

விடியல் சார் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். பார்க்கவேண்டிய அவசியம் இல்லை.

“இன்னைக்குக் காலைலயா எடுத்தீங்க? இல்ல நேத்தா?” அவள் குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது. “நில அளவைக்காரிகிட்டயே போலிப் பத்திரமா! அதுவும் போக, நாம அங்க போன அன்னைக்கு ஒரே மூட்டம். நீங்க கேமராவைப் பையிலேர்ந்து எடுக்கவே இல்ல. எட்டு மணி வரைக்கும் பாறையில உட்கார்ந்து பேசிட்டுத் திரும்பிட்டோம்.”

“என்ன பேசினோம்?”

“என்னவோ. உங்க ஆபீஸ்ல ஒருத்தர் விக் வச்சுகிட்டு வந்த கதை. நான் ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்ச கதை. இடத்துக்குப் போய்ப் படம் எடுக்காம வந்தது அந்த ஒரு நாள்தான். நீங்க என்னோட பேசிகிட்டே இருந்ததும் அந்த ஒரு நாள்தான்.” சிரிப்பு நின்றுவிட்டது. “எதுக்குங்க இந்த வேலை?”

“புத்தகத்துக்கு...”

“புத்தகத்துக்கு முப்பத்தாறுன்னு மொத நாளே சொன்னீங்க.”

அவர் வாயில் இரண்டு அழகான வாக்கியங்கள் தயாராக இருந்தன. ஒன்றில் ஒளி வந்தது, இன்னொன்றில் நிழல் வந்தது. இரண்டையும் விழுங்கினார்.

“முப்பத்தாறு முடிஞ்சு போச்சு. உன்னைக் கூப்பிட வேற காரணம் இல்ல.”

அந்தப் பக்கம் கண்ணாடியைக் கழற்றி மடிக்கிற சத்தம் கேட்டது.

“நீ வந்துடேன்” என்றார்.

“எங்க?”

“வீட்டுக்கு. அன்னைக்கு மேடையில நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்கோ.”

“அட, அதெல்லாம் எப்பவோ போச்சு. கோவம் இருந்திருந்தா வந்திருப்பேங்க. சண்டை போடவாச்சும் வந்திருப்பேன்.” அவள் மெதுவாகத்தான் சொன்னாள். “இங்க நல்லா இருக்கு. ஏழு மணிக்கு எழுந்திரிக்கிறேன். அவ போடுற டீயைக் குடிக்கிறேன். எந்தக் கண்ணாடியையும் தட்டவேண்டியதில்ல. நான் வரலைங்க.”

“சரி” என்றார். பிறகு, “இந்தப் படத்தை என்ன பண்ண?” என்று கேட்டார்.

“இருக்கட்டும். முக்காலி ரெண்டடி தள்ளி வச்சிருக்கணும். ஆனா வெளிச்சம் பிடிச்சிருக்கீங்க.”

அன்று இரவு அவர் சோறு வடிக்கவில்லை. மறுநாள் காலை, எழுதி வைத்திருந்த முப்பத்தாறு பக்கங்களையும் ஒரு முறை படித்தார். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தார். நதி அழைத்தது, மலை பேசியது, முனிவர் ஏற இறங்கப் பார்த்தார். எல்லாவற்றையும் குறுக்கே கிழித்துப் போட்டுவிட்டு, அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுத உட்கார்ந்தார். “இந்தப் படத்துக்கான இடத்தை என் மனைவி கண்டுபிடித்தார். நான் அப்போது காரில் தூங்கிக்கொண்டிருந்தேன்.” ஆற்றுப் படத்தில் இரண்டு வேறு செருப்புகள் வந்தன. செங்குத்துப் பாறைப் படத்தில் டார்ச்சைப் பிடித்தவள் வந்தாள். ஏரிப் படத்தில் அந்த நாற்பது நிமிடத்தை எழுத நான்கு நாள் ஆயிற்று. அவள் வரமாட்டாள் என்று தெரிந்த பிறகு எழுதியதால் அதில் யாரையும் மயக்குகிற வேலை இல்லை. அவர் எழுதியவற்றிலேயே நன்றாக வந்தது அதுதான் என்று சொன்னால், முன்னால் எழுதியதை வைத்துப் பார்க்கும்போது அது பெரிய புகழ்ச்சி இல்லை.

பதிப்பாளர் படித்துவிட்டு அவரை வரச் சொன்னார். விடியல் சார் பயந்துகொண்டே போனார். பதிப்பாளர் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

“சார்! என்ன ஒரு அடக்கம் சார்! ‘நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.’ எந்தக் கலைஞன் சார் இப்படிச் சொல்லுவான்!”

“அடக்கம் இல்லைங்க. நிஜமாவே தூங்கினேன்.”

“அதேதான் சார்! கலைஞன் தூங்குறான், இயற்கை வந்து எழுப்புது. அதுக்கு மனைவின்னு ஒரு குறியீடு வச்சீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க.”

“குறியீடா? என் மனைவிங்க அவ. நில அளவை ஆபீஸ்ல வேலை பார்த்தா. தங்கச்சி வீட்டு மாடியில இருக்கா. வேணும்னா போன் நம்பர் தரேன்.”

பதிப்பாளர் அவர் தோளைத் தட்டி, புரிகிறது என்கிற மாதிரி கண்ணைச் சிமிட்டினார். “நிலத்தை அளக்கிறவள். பிரமாதம் சார். எல்லாப் பெரிய கலைஞனும் கடைசி வரைக்கும் அது நிஜம்னுதான் சாதிப்பான். நீங்க சாதிங்க. நான் முன்னுரையில பக்குவமா சொல்லிடறேன்.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவர் அடக்கம் கூடிக்கொண்டே போனதே தவிர, மனைவி மனுஷியாகவில்லை. முப்பது வருஷம் பொய் சொன்னபோது ஒரு ஆள் சந்தேகப்படவில்லை. உண்மையைச் சொன்னால் தோளைத் தட்டுகிறார்கள்.

புத்தகம் வந்தது. கனமான தாள், மைக் கறுப்பில் அட்டை, உள்ளே மூன்று பக்க முன்னுரை. ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பிவைத்தார். அவள் என்ன நினைப்பாளோ என்று ஒரு வாரம் நிலைகொள்ளாமல் இருந்தார். கூப்பிட்டுக் கேட்கவில்லை. இனிமேல் கூப்பிடுவதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

எட்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவருடைய போன் அடித்தது. அவள் எண். அவளாக அவரைக் கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஈரக் கையைத் துடைக்காமலே எடுத்தார். எடுத்ததும் ஸ்பீக்கரில் மச்சினியின் குரல், மேடைப் பேச்சாளர் தோரணையில்:

“‘இந்நூலில் வரும் மனைவி என்பவள் ஒரு பெண்ணல்லள். உறங்கும் கலைஞனைத் தட்டி எழுப்பும் இயற்கைப் பெருவெளியின் குறியீடு.’ மாமா, கேக்குறீங்களா? எங்கக்கா பெருவெளியாம்! பெருவெளி நேத்து ரெண்டு தட்டு உடைச்சுது மாமா!”

பின்னால் அவள் சிரிப்பதும், “குடுடி அதை, குடு” என்று புத்தகத்தைப் பிடுங்குவதும் கேட்டது. விடியல் சாருக்கும் சிரிப்பு வந்தது. “நான் சொன்னேன், அந்த ஆள் நம்பலை” என்றார். மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நாலு அறையிலும் அவர் சிரிப்பு போய் இடித்துவிட்டுத் திரும்பி வந்தது.

“எல்லாப் பக்கமும் படிச்சேங்க” என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு. “அப்பா பக்கமும் படிச்சேன். சரியா எழுதியிருக்கீங்க. ஏழாவது படத்துல மட்டும் திசை தப்பு. வடகிழக்குன்னு போட்டிருக்கு. அது தென்கிழக்கு.”

“அடுத்த பதிப்புல மாத்திடறேன்.”

“அடுத்த பதிப்பு வருமா?”

“வராது.”

மறுபடியும் சிரிப்பு. “சரி, அடுப்புல பால் இருக்கு. போனை வைக்கட்டா?”

“ம். வை.”

போனை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. துண்டிக்கிற சத்தம் கேட்கவில்லை. அவள் அழுத்தியது சரியாக அழுந்தவில்லை போலிருக்கிறது. விடியல் சார், “ஏய், போன்...” என்று சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

ஒரு நாற்காலி நகர்ந்தது. பால் பொங்கிவிட்டது என்று மச்சினி கத்தினாள். கரண்டியோ எதுவோ கீழே விழுந்தது. தண்ணீர் திறந்துவிடுகிற சத்தம், நிறுத்துகிற சத்தம். யாரோ ஒருத்தி எதையோ முணுமுணுத்துப் பாடினாள். அவளா, தங்கையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் பாடி அவர் கேட்டதில்லை. அவரைப் பற்றியோ புத்தகத்தைப் பற்றியோ அங்கே யாரும் பேசவில்லை. அது முடிந்துபோன விஷயம்.

“ஏய், திரை வாங்கப் போலாம்னியே, இன்னைக்கே போலாமா? என் ரூம் கிழக்குப் பார்த்ததுல்ல, காலைல வெளிச்சம் மூஞ்சில அடிக்குதுடி.”

“போலாம்க்கா. தடித் துணியாப் பார்த்து எடுக்கணும். என்ன கலர்? நீலம் எடுத்துடுவோமா?”

“நீலத்துல வெளிச்சம் வரும். கரும்பச்சை?”

“பச்சை நல்லாவா இருக்கும்? சுவர் மஞ்சள்க்கா.”

விடியல் சார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சாய்த்து வைத்த மலைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தார். வெளிச்சத்தைப் பற்றி அவருக்குத் தெரியாததா? மஞ்சள் சுவருக்கு, கிழக்கு ஜன்னலுக்கு, எந்தத் துணி எந்த நிறத்தில் நிற்கும் என்று அவருக்கு மிகத் தெளிவாக ஒரு கருத்து இருந்தது. மூச்சுச் சத்தம் அந்தப் பக்கம் கேட்டுவிடாமல் இருக்க வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அவர்கள் என்ன நிறம் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.